ஒளிப்படம் பார்த்து நிலம் வரைவோர்

ஒளிப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு இயற்கைக் காட்சியைத் தீட்டுவது ஓவியமாகுமா, அன்றி வெறும் நகலெடுப்பா என்று கிள்ளான் அன்பரொருவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அவ்வூரிற் சிறு கூடமொன்றில் இருபது படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தனவாம். அத்தனையும் போட்டோவைப் பார்த்து வரைந்தவை என்று வரைந்தவரே சொல்லிவிட்டாராம். 'இதற்குக் காசு கொடுப்பது தகுமா?' என்பது அன்பரின் கேள்வி. கடிதத்திற்கு மேசையிலிருந்தபடியே விடையெழுதியிருக்கலாம். ஆயினும் படத்தைப் பாராமற் படத்தைப் பற்றி எழுதும் வழக்கம் நம்மிடையே ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு வளர்ந்திருப்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே நேரிற் சென்று பார்த்தோம்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். ஒளிப்படத்தைத் தொட்டமாத்திரத்தில் ஓவியத்திற்குத் தீட்டு வந்துவிடும் என்பது வெறும் மடி ஆசாரமே அல்லாது கலையறிவு ஆகாது. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, வெனிஸ் நகரத்து நீர்த்தெருக்களைத் தீட்டிய கானலெத்தோ, வில்லை பொருத்திய இருட்பெட்டியில் விழும் பிம்பத்தின்மேல் கோடிழுத்துப் பழகியவர் என்று கூறுவர். பாரிஸின் மோமார்த்தர் தெருக்களுக்குப் புகழ் தேடித்தந்த யுத்ரில்லோ கடையில் விற்ற அஞ்சலட்டைகளைப் பார்த்தே அவற்றிற் பலவற்றை வரைந்தார். அவ்வளவு தூரம் போவானேன்? மலேசிய ஓவியத்தின் தந்தையென்று பலரும் போற்றும் யோங் முன் சென் (1896–1962) பினாங்கில் ஒளிப்பட நிலையம் நடத்திப் பிழைத்தவர். தென்னையும் படகும் மீனவர் குடிசையுமாய் அவர் தீட்டிய நீர்வண்ணங்களை எந்தக் கூடத்துச் சுவரிலிருந்தும் இறக்கிவிட நாம் ஒருப்படோம். ஒரே கையில் பெட்டியும் தூரிகையும் இருந்ததால் எதுவும் கெட்டுப்போய்விடவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் நம்மவரே சான்று. 1940-களின் பிற்பகுதி தொடங்கிப் பல்லாண்டுகள் 'ஆனந்த விகட'னில் தென்னாட்டுக் கோயிற் சிற்பங்களை வரைந்த சில்பி, ஒவ்வோர் ஊராய்ச் சென்று, சிலையின் முன்னே அமர்ந்து, கண்ணால் அளந்து வரைந்தார். போட்டோ பிடிக்க ஆளும் கருவியும் கிடைக்காத காலமா அது? அன்று. இருள் மண்டிய பிராகாரத்தில் தூணின் எந்த மடிப்பு முன்னே வருகிறது, எது பின்னே போகிறது என்பதை நேரிலிருந்து பார்த்தவனே தெரிவு செய்ய முடியும் என்று அவர் அறிந்திருந்தார். ஆகவே, பெட்டியைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதன்று வினா. பெட்டி எதைக் காண்கிறது, எதைக் காணாது விடுகிறது என்று ஓவியர் அறிவாரா என்பதே வினா.

அதைச் சற்று விரித்துரைப்போம். நமக்குக் கண் இரண்டு. கழுத்தும் இருக்கிறது. பத்துமலையின் முன்னே நிற்கும் ஒருவன் முதலிற் சிலையைப் பார்க்கிறான், பிறகு படியைப் பார்க்கிறான், பிறகு அண்ணாந்து சுண்ணாம்புப் பாறையைப் பார்க்கிறான். மூன்று பார்வையும் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்தே அவனுக்குப் பத்துமலை ஆகிறது. கைப்பேசியின் வில்லை அகன்ற கோணத்தது. அருகிலுள்ளதை அது ஊதிப் பெருக்கும். தொலைவிலுள்ளதைச் சுருக்கித் தள்ளும். எனவேதான் நம் கண்ணுக்கு ஊரையே விழுங்குவதுபோல் நிற்கும் மலை படத்தில் ஒரு புற்றாகிவிடுகிறது. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தாலோ கட்டடங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கூம்பும். நம் நாட்டு நண்பகலின் வெளிச்சமோ எந்தப் பெட்டிக்கும் அடங்காது. வானத்தைச் சரியாகப் பிடித்தால் மரத்தடி மையாகும். மரத்தடியைப் பிடித்தால் வானம் வெற்றுத்தாளாகும்.

இக்குறையை மறைக்க மாந்தர் செய்த சூழ்ச்சியும் பழையதே. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளிற் கடற்காட்சிகள் எடுத்தபோது, அக்காலத் தகடுகள் நீல நிறத்துக்கு மிகையாய் இளகியதால் வானம் வெளிறிப் போயிற்று. அவர் என் செய்தார்? கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடுமாய் எடுத்து, இரண்டையும் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். கணினியால் ஒளிப்படம் கெட்டுப்போயிற்றென்று புலம்புவோர் இதனை நினைவிற் கொள்க. 1990-இல் 'ஃபோட்டோஷாப்' வெளிவருமுன்னரே, 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் தன் அட்டைக்குப் பொருந்தவேண்டிக் கீசா கூம்புகளிரண்டைக் கணினியால் நெருக்கிவைத்து வசை வாங்கிக்கொண்டது. இன்றைய கைப்பேசியோ நாம் கேளாமலே, ஒரே நொடியிற் பல படங்களெடுத்து, ஒன்றின் வானத்தையும் இன்னொன்றின் நிழலையும் தைத்துத் தருகிறது. வானமும் தெளிவு, மரத்தடியும் தெளிவு. எல்லாம் தெளிவாயிருப்பதால் வெயில் எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது.

கிள்ளான் கூடத்திற் பாதிப் படங்களின் நோய் இதுவே. மலைக்கு நிழல் உண்டு, மாட்டுக்கு நிழல் உண்டு, பந்தலுக்கும் உண்டு. காலையா, மாலையா, மழைக்கு முந்திய புழுக்கமா என்று எதுவும் தெரியவில்லை. நம் நாட்டுக் காற்றில் எந்நேரமும் ஈரம் மிதப்பதால் அரைக் கல் தொலைவிலேயே பச்சை நீலமாகி, நீலம் சாம்பலாகிறது. வரைந்தவர் அதைக் கண்ணாற் கண்டிருப்பார். அவருடைய கைப்பேசி மூடுபனியைக் குற்றமாய்க் கருதித் துடைத்துவிட்டது. துடைத்ததை அவரும் நம்பிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் படங்கள் மூன்று இருந்தன. அவற்றுள் ஒன்று துன் சம்பந்தன் சாலை. பூக்கடையும் துணிக்கடையும் வண்ண வளைவுகளுமாய்ப் பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால், 2003 முதல் அச்சாலையின் தலைக்குமேல் ஓடும் ஒற்றைத் தண்டவாள இரயிலின் தூண்கள் எங்கே? கேட்டோம். 'அது பார்வைக்கு இடைஞ்சல் ஐயா, கணினியில் எடுத்துவிட்டு வரைந்தேன்' என்றார் ஓவியர். இளைஞர், பணிவுள்ளவர், கைத்திறமும் உள்ளவர். ஓவியன் வேண்டாததை விலக்குவது அவன் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூண்களின் நிழல் தரையிலே அப்படியே கிடந்தது! தூணை எடுத்தவர் நிழலை எடுக்க மறந்தார். தெருவிலே நின்று வரைந்திருந்தால், தூணை விட்டாலும் வைத்தாலும் நிழல் எதனுடையதென்று மறந்திருக்கமாட்டார்.

இரண்டாவது, நூறு குவார்ட்டர்ஸ். 1905-இல் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பெற்று, சுமார் நூற்றுப்பத்தாண்டு நின்று, பின் இடித்துத் தள்ளப்பட்ட அந்த இரட்டை வரிசை வீடுகளை இனி எவரும் நேரில் நின்று வரையவியலாது. ஒளிப்படந்தான் கதி. இங்கே போட்டோவைப் பார்த்து வரைவது குறையன்று, கடமையென்றே சொல்லுவோம். இப்படத்தில் ஓவியர் மிக நன்றாகச் செய்திருக்கிறார். வாசற்படியிற் காயும் பாய், ஓட்டின்மேற் பாசி, ஒரு வீட்டின் சன்னலுக்கு மட்டும் புதுச் சாயம். விசாரித்ததில், அவர் தம் சிற்றப்பா குடியிருந்த வீடு அது என்றும், ஓட்டில் மழை விழும் ஓசை இன்றும் காதில் இருக்கிறதென்றும் சொன்னார். ஒளிப்படத்தில் இல்லாத ஒன்றை அவர் அறிந்திருந்தார். படத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

இவ்விடத்தில்தான் நம் நெஞ்சைத் தொடும் செய்திக்கு வருகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நாம் குடியிருக்கும் ஊர்களிற் பல, நேற்றுத் தோட்டங்கள். சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மேல் ஷா ஆலம் எழுந்தது. சீபீல்ட் தோட்டத்தின்மேல் சுபாங் ஜெயா எழுந்தது. லயமும், பிரட்டுக்களமும், ஆயாக் கொட்டாயும், மாரியம்மன் கோயிலும் போயின. அந்நிலத்தை வரைய விரும்பும் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை எந்தப் படங்கள்? லயத்துக் குடும்பங்களிற் கருவி வைத்திருந்தோர் எத்தனை பேர்? திருமணத்துக்கும் சாவுக்கும் டவுனிலிருந்து ஆளை அழைத்து எடுத்த குழுப்படம் ஒன்றிரண்டு தகரப் பெட்டியின் அடியிற் கிடக்கும். எனவே, கூடத்துச் சுவரில் 'பழைய தோட்டம்' என்று தொங்கும் படங்களுக்கு மூலம் பெரும்பாலும் வெள்ளைக்கார ஒளிப்பட நிலையங்களின் அஞ்சலட்டையும் ஆல்பமுமே. 1907-இல் கிளைன்குரோதெ என்னும் ஜெர்மானியர் மலாயா நாட்டைப் பற்றி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதுபோன்ற தொகுப்புகளில் மரங்கள் நேர்கோட்டில் நிற்கும். நம்மவரும் மரம்போலவே நேர்கோட்டில் நிற்பர். மரத்துக்கு ஒருவராய், வாளியைக் கீழே வைத்து, அசையாது நிற்கும்படி கட்டளையிடப்பட்டவர்கள். நாட்டிற் பணம் போடுவோர்க்கு 'நிலம் இவ்வளவு ஒழுங்கு, ஆள் இவ்வளவு அடக்கம்' என்று காட்டுவதற்கு இவ்வகைப் படங்கள் பயன்பட்டன. அழகில்லை என்று சொல்ல மாட்டோம். அழகுதான். யாருடைய கண்ணுக்கு அழகு?

அதை அப்படியே பெரிதாக்கி வண்ணந் தீட்டும் நம் தம்பி, தன்னை அறியாமல் அந்தத் துரையின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்கிறான். 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலையை நிறுத்தினர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அடக்கமாய் வரிசையில் நின்ற பேர்களின் மக்களே அவர்கள். அஞ்சலட்டையைப் பார்த்தால் அது தெரியாது. அஞ்சலட்டைக்கு மேலே ஒன்றும் தேடாத ஓவியத்தைப் பார்த்தாலும் தெரியாது. படத்தில் துப்பாக்கியை வரை என்று நாம் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்து நிற்பவளின் தோளை, காலையிலிருந்து காண்டா சுமந்த தோளாக வரையலாமே என்கிறோம்.

ஒளிப்படத்தைத் துரையின் கண்ணிலிருந்து பறித்தெடுத்த கலைஞர் இந்நாட்டிலேயே உண்டு. பினாங்கில் 1941-இற் பிறந்து 2016-இல் மறைந்த நிர்மலா சண்முகலிங்கம் அவர்கள், 1973-இல் தேசியக் கலைக்கூடத்தின் 'மனிதனும் அவன் உலகும்' கண்காட்சிக்கு அனுப்பியது எண்ணெய் வண்ண நிலக்காட்சியன்று. தாமன்சாரா வட்டாரத்திற் குவிந்த குப்பையையும் சீர்கேட்டையும் தாமே ஒளிப்படம் எடுத்து, அங்கே கிடந்த பொருள்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். கலைக்கூடத்துக்குக் குப்பையா என்று மூக்கைப் பொத்துவோர் எக்காலத்தும் உளர். நம் கருத்தில், கோலாலம்பூர்ப் பகுதி நிலத்தை உள்ளபடி நோக்கிய நிலக்காட்சிகளுள் அது முன்வரிசையிற் சேர்ந்தது. பின்னரும் செய்தித்தாட் படங்களை எடுத்து, அவற்றின்மேல் வண்ணமும் கோடும் சேர்த்து, போரையும் பசியையும் பற்றி அவர் பேசினார். ஒளிப்படத்துக்கு அவர் அடிமையாகவில்லை. ஒளித்து வைக்கவுமில்லை. 'இது ஒளிப்படம், இதன்மேல் நான் செய்தது இது' என்று வெளிப்படையாய் நின்றன அப்படங்கள்.

மறுபக்கம், தஞ்சை மாவட்டத்து இளையராஜா 2021-இற் கொரோனா நோயால் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மாண்டபோது, தமிழுலகம் முழுதும் அழுதது. அவருடைய கறுத்த பெண்களையும், சன்னல் வெளிச்சம் விழும் சமையற்கட்டுகளையும் பார்த்து 'இது போட்டோவா, வரைந்ததா?' என்று கேளாதவர் இலர். அக்கேள்வியையே பெரும் பாராட்டாகக் கொள்வோருடன் நாம் உடன்படோம். போட்டோ போலிருப்பதற்கு ஒரு போட்டோ போதும். சிவந்த மேனியே அழகென்று நாட்காட்டியும் திரையும் ஓயாது ஓதிய நாட்டில், கறுத்த மேனியின்மேல் வெளிச்சம் எப்படி வழுக்கி விழுகிறது என்று பொறுமையாய்ப் பார்த்தாரே, அதற்கே நாம் தலைவணங்குகிறோம்.

இனி அன்பரின் கடிதத்தில் உள்ள இரண்டாவது குறைக்கு வருவோம். தீட்டி முடித்த படத்தைக் கணினியில் ஏற்றி மெருகிட்டுக் காட்டுவது பற்றியது அது. இக்காலத்தில் ஓவியம் விற்பது கூடத்திலன்று, கைப்பேசியில். தீட்டிய படத்தை ஒளிப்படமாக்கி, நிறத்தை ஏற்றி, பளிங்குத் தரையும் நீண்ட சோபாவும் உள்ள ஒரு மாளிகைச் சுவரில் மாட்டியதுபோல் ஒட்டிக் காட்டுகிறார்கள். அச்சுவர் எங்கும் இல்லை. அந்த மாளிகையும் இல்லை. சோபாவின் அளவைக்கொண்டு பார்த்தால் ஐந்தடி அகலமிருக்கும் என்று நினைத்து வாங்குகிறோம். வந்து சேருவது ஒன்றரை அடி. நமக்கு வேண்டிய குடும்பமொன்று இப்படி ஏமாந்தது. தங்கநிறமாய் மின்னிய அந்திவானம் வீட்டுக்கு வந்தபோது கஞ்சித் தண்ணீராய் வெளுத்திருந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்க அனுப்பும் படத்தை ஸ்டூடியோவில் வெளுப்பாக்கித் தரும் பழைய வித்தையின் தம்பிதான் இது.

இதில் எது தகும், எது தகாது? ஒளிப்படக் கருவி ஓவியத்தின் நிறத்தைத் திரித்துவிடும். மஞ்சள் விளக்கின்கீழ் எடுத்தால் வெண்மை பழுக்கும். தடித்த வண்ணத்தின்மேல் விளக்குப் பட்டுப் பளபளக்கும். ஓரங்கள் வளையும். அந்தத் திரிபைத் திருத்தி, படம் சுவரில் எப்படி இருக்கிறதோ அப்படித் திரையிற் காட்டுவதற்காகக் கணினியைத் தொட்டால் அது நேர்மை. மூலப்படத்தைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு நிழலான பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுத் திருத்துவோர் நமக்குத் தெரியும். சுவரில் இல்லாத ஒளியைத் திரையில் ஏற்றினால் அது எடையிற் கைவைக்கும் கடைக்காரன் வேலை. அளவையும் அப்படியே அடியும் அங்குலமுமாய் எழுதிவிட்டாற் பாதி வழக்குத் தீரும்.

பிறர் எடுத்த படத்தை எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வரைவது இன்னொரு சங்கதி. இந்நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிப்படத்தையும் கலைப்படைப்பென்றே கொள்கிறது. எடுத்தவரைக் கேளாமல் அதைப் பார்த்தெழுதி விற்பவர், வழக்கு வந்தபின் 'நான் தூரிகையாலன்றோ செய்தேன்' என்றாற் செல்லாது. இதற்குமேல் வழக்கறிஞரிடம் கேட்க.

கூடத்தில் நாம் கடைசியாக நின்றது ஒரு பெரிய படத்தின் முன்னே. பால்மரக் காடு. முன்னணியில் ஒரு மரம், அதில் வெட்டுக் கோடு, வழியும் பால், கீழே மங்கு. பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண். இருபது படங்களில் இதற்கே விலை மிகுதி. நம்மோடு வந்திருந்த அம்மையார் ஒருவர் முப்பது ஆண்டுக்கு மேல் பால்வெட்டியவர். படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். 'தம்பி, இந்த மரத்த யாரு வெட்டுனா? இடக்கையா?' என்றார். ஓவியருக்கு விளங்கவில்லை. நமக்கும் உடனே விளங்கவில்லை. அம்மையாரே சுவரில் விரலால் இழுத்துக் காட்டினார். மரத்துக்கு முகங்கொடுத்து நின்றால் வெட்டு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்கவேண்டும். படத்திலோ வலத்திலிருந்து இடத்துக்கு இறங்குகிறது.

காரணம் உண்டு. பட்டைக்குள் பாலோடும் நுண்குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் மேலேறும்போது சிறிதே வலப்புறம் சாய்ந்து செல்கின்றன. இடமேலிருந்து வலங்கீழாய் வெட்டினாற்றான் குழாய்கள் மிகுதியாய் அறுபட்டுப் பால் நிறைய வடியும். மாற்றி வெட்டினாற் பால் குறையும், தண்டல் வாயில் விழவேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இது நடைபழகும் காலத்துப் பாடம். ஓவியர் நாணத்தோடு ஒப்புக்கொண்டார். மூலப்படத்தில் மரம் இடப்பக்கம் இருந்ததாம். வலப்பக்கம் இருந்தால் நன்றாயிருக்குமென்று கணினியில் ஒரு தட்டுத் தட்டி, கண்ணாடியிற் பார்ப்பதுபோல் திருப்பிவிட்டாராம். காடு திரும்பியது, பெண் திரும்பினாள், வெட்டும் திரும்பிவிட்டது. 'இன்னொண்ணு தம்பி,' என்றார் அம்மையார், 'நெழலு காலடியில கெடக்கு. உச்சி நேரம். அந்நேரத்துக்கு எவ வெட்டிக்கிட்டு நிப்பா? விடியக்கருக்கல்ல போனாத்தான் பாலு ஓடும்.' அவர் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பைத் தாண்டியவரல்லர். அன்று அக்கூடத்தில் நாம் கேட்ட விமரிசனங்களுள் அதற்கு ஈடானது வேறில்லை.

அன்பருக்கு நம் விடை இது. நூறு குவார்ட்டர்ஸ் படத்தைக் கேட்ட விலை கொடுத்து வாங்கலாம். பத்துமலையையும் துன் சம்பந்தன் சாலையையும் வாங்கவேண்டாம். பால்மரக் காட்டைத் திருத்திய பின் பார்க்கலாம்.

மறுமாதம் மீண்டும் சென்றோம். ஓவியர் சொன்ன சொல்லைக் காத்திருந்தார். பெண்ணின் நிழலை நீட்டி, மரங்களுக்கிடையே கருநீலம் ஏற்றி, விடியற்காலையாக்கியிருந்தார். வெட்டுக் கோடும் இப்போது இடமேலிருந்து வலங்கீழாய் முறைப்படி இறங்குகிறது. மங்கை மட்டும் பழைய இடத்திலேயே, இடப்புறத்தில், விட்டுவிட்டார்.